கேள்வி பதில்: குழாயில் தண்ணீர் வராது என்று எப்படிச் சொல்வது?

கேள்வி: இலங்கை மலையகத்தில் ஒரு நகர சபையின் மக்கள் தொடர்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். நீர்வெட்டு அறிவித்தல் ஒட்டினாலும் ‘யாரும் சொல்லவில்லையே’ என்று சண்டைக்கு வருகிறார்கள். எங்கே பிழை?

பதில்: பெரும்பாலும் முதல் வரியில். ‘திருத்த வேலைகள் காரணமாக...’ என்று தொடங்கினால் பாதிப்பேர் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். எந்த வீதி, எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்பது முதலில் வரட்டும். காரணத்துக்கு ஒரு வரி போதும்.

மேட்டுப் பகுதிகளை மறக்காதீர்கள். மாலை 5 மணிக்கு வால்வைத் திறந்தாலும் பள்ளத்துக் குழாய்கள் நிரம்பிய பிறகே மேலே தண்ணீர் ஏறும். ‘5 மணிக்கு வரும்’ என்று பொதுவாக எழுதினால் மேட்டில் இருப்பவர் உங்களைப் பொய்யர் என்பார். அவர்களுக்குத் தனி நேரம் போடுங்கள். பொறியியல் பிரிவிடம் கேட்டால் சொல்வார்கள். முதலில் கலங்கலாக வரும், சிறிது நேரம் திறந்து விடுங்கள் என்பதும் வேண்டும்.

சிங்கள அறிவித்தலை மொழிபெயர்த்து மறுநாள் தமிழில் ஒட்டுவது பெருந்தவறு. இரண்டும் ஒரே வேளையில் போகவேண்டும். தேயிலைத் தோட்டங்களுக்குப் பதிவேட்டுப் பெயரோடு லயத்துச் சனம் (தொழிலாளர் வரிசை வீடுகளில் இருப்பவர்கள்) சொல்லும் பெயரையும் சேருங்கள்.

ஓட்டோ ஒலிபெருக்கிக்குப் பத்து விநாடிக்கு மேல் எழுதாதீர்கள், வண்டி கடந்துவிடும்.

மண்சரிவு எச்சரிக்கையை மட்டும் சொந்த நடையில் எழுதவே வேண்டாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் தரும் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு நிலையை அப்படியே போட்டு, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 தொலைபேசி இலக்கத்தையும் சேருங்கள்.