பொருளாதாரம் படித்துவிட்டுச் சுற்றுச்சூழல் முதுகலையில் சேரலாமா?

பி.ஏ. பொருளாதாரம் முடித்துவிட்டீர்கள், பலதுறை சுற்றுச்சூழல் முதுகலையில் இடமும் கிடைத்திருக்கிறது. பத்தாம் வகுப்போடு வேதியியலை விட்டதுதான் பயம் என்கிறீர்கள். தாராளமாகச் சேருங்கள்.

நொய்யல் ஆற்றையே பாருங்கள். அதில் கலந்த திருப்பூர் சாயக்கழிவில் நிறத்தைவிடப் பெரிய தலைவலி உப்பு. சாதாரணச் சுத்திகரிப்பில் நிறம் ஓரளவு போகும், கரைந்த உப்பு போகாது. ஆர்ஓ (நுண்சவ்வு வழியே நீரை அழுத்தி வடிக்கும் முறை) வைத்துப் பிரித்து, மிஞ்சும் உப்புநீரைக் கொதிக்கவிட்டு ஆவியாக்க வேண்டும், செலவு எகிறும். கழிவை வெளியே விடாத நிலைக்கு வரவில்லை என்றுதான் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அந்தச் செலவு யார் தலையில், பாதிக்கப்பட்ட விவசாயிக்கு இழப்பீடு எவ்வளவு என்று வரும்போது வேதியியல்காரரே உங்களைத் தேடி வருவார்.

பாடத்திட்டத்தில் களப்பணி, புள்ளியியல், ஜிஐஎஸ் (இடம் சார்ந்த தரவைக் கணினி வரைபடத்தில் வைத்து ஆராயும் முறை) இருக்கிறதா பாருங்கள். எல்லாத் தாளும் 'ஓர் அறிமுகம்' என்றே இருந்தால் யோசியுங்கள். அப்புறம், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய வேலைதான் குறி என்றால் பழைய தேர்வு அறிவிப்புகளை முதலில் படியுங்கள். தொழில்நுட்பப் பதவிகளுக்கு அறிவியல், பொறியியல் பட்டம்தான் கேட்பார்கள்.

வேதியியலுக்கு இப்போதைக்குப் பதினொன்றாம் வகுப்புப் பாடநூல் போதும், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.