மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) ரிப்போர்ட்டில் 'அடர்த்தியான மார்பகம்' என்று வந்திருக்கிறது. 3டி அல்ட்ராசவுண்ட் மட்டும் எடுத்தால் போதுமா?

போதாது. மேமோகிராமோடு சேர்த்து எடுப்பதற்குத்தான் இந்த ஸ்கேன். 2012-ல் அமெரிக்காவில் அனுமதி தந்தபோதும் அப்படித்தான் தந்தார்கள். இந்த மெஷினை இயக்குவதுதான் என் வேலை, அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

மேமோகிராமில் கொழுப்பு கறுப்பாகவும் சுரப்பித் திசு வெள்ளையாகவும் தெரியும். புற்றுக்கட்டியும் வெள்ளைதான். அடர்த்தி, அதாவது கொழுப்பைவிடச் சுரப்பித் திசு, அதிகமென்றால் (ரிப்போர்ட்டில் சி அல்லது டி என்று இருக்கும்) வெள்ளைக்குள் வெள்ளை ஒளிந்துகொள்ளும். அல்ட்ராசவுண்டில் சுரப்பித் திசு வெளுப்பாகவும், புற்றுக்கட்டி பெரும்பாலும் கறுப்பாகவும் விழும்.

கையால் பார்க்கும் ஸ்கேனில் டாக்டர் நிறுத்திப் பிடித்த படங்கள்தான் மிஞ்சும். 3டி ஸ்கேனில் 15 செ.மீ. அகல ப்ரோப் (மார்பின் மேல் வைக்கும் ஸ்கேன் கருவி) மார்பை லேசாக அழுத்தியபடி தானே நகர்ந்து முழுவதையும் பதிவு செய்யும். ஒரு ஓட்டம் சுமார் ஒரு நிமிடம், ஒரு பக்கத்துக்கு வழக்கமாக மூன்று ஓட்டம். அசையாமல், பேசாமல் படுத்திருக்க வேண்டும். லோஷனைக் கஞ்சத்தனமாகத் தடவினால் காற்று புகுந்து படத்தில் நிழல் விழும், திரும்ப எடுக்க வேண்டியதுதான்.

அப்புறம், தோலிலிருந்து நெஞ்சுச்சுவர் வரை தாள் தாளாகப் புரட்டிப் பார்க்கலாம். சேலையில் முள் மாட்டி இழுத்தால் நூல்கள் அந்தப் புள்ளியை நோக்கிச் சுருங்குமே, சில புற்றுக்கட்டிகளைச் சுற்றித் திசு அப்படி இழுபட்டிருப்பது இந்தக் கோணத்தில்தான் பளிச்சென்று தெரியும். பழைய ஆபரேஷன் தழும்பும் இதே மாதிரி காட்டும். அதனால் ஆபரேஷன் ஏதும் நடந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அடர்த்தியான மார்பகம் உள்ள 15,318 பெண்களிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2015-ல் வெளியானது. மேமோகிராமில் மட்டும் 1000 பேருக்கு 5.4 புற்றுகள் தெரிந்தன, இதையும் சேர்த்தபோது 7.3. ஆனால் மறுபரிசோதனைக்குக் கூப்பிடப்பட்டவர்கள் 1000-க்கு 150-லிருந்து 285 ஆனார்கள். அதில் பெரும்பாலோருக்குப் புற்று இல்லை. அந்த வீண் பதற்றத்தையும் கணக்கில் வையுங்கள்.

மேமோகிராமை ஏன் விடக்கூடாது என்றால், சில ஆரம்பநிலைப் புற்றுகள் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்களாக மட்டுமே தெரியும். அல்ட்ராசவுண்ட் அவற்றைப் பெரும்பாலும் கோட்டைவிட்டுவிடும்.

இவ்வளவும் தொந்தரவு ஏதும் இல்லாதவர்களுக்கு. மார்பைத் தொடும்போது கட்டி தட்டுப்பட்டாலோ, காம்பில் ரத்தம் கசிந்தாலோ 3டி எங்கே இருக்கிறது என்று தேடி அலையாதீர்கள். நேராக டாக்டரிடம் போங்கள். அந்த இடத்தைக் கையால் பார்க்கும் ஸ்கேனும், தேவைப்பட்டால் ஊசி பயாப்ஸியும்தான் (ஊசியால் கொஞ்சம் திசு எடுத்துச் சோதிப்பது) அப்போது முக்கியம்.