ஒரே எண்ணுக்கு இரண்டு சொந்தக்காரர்கள்

கேள்வி: மருந்துக் கடை வைத்திருக்கிறேன். இரண்டாவது கம்ப்யூட்டரை மாலையில்தான் போடுவோம். சில நாட்களில் ‘ஐ.பி. முகவரி மோதல்’ என்று சொல்லி நெட் கிடைக்காமல் போகிறது. ரவுட்டர் இரவு பகலாக ஓடுகிறதே, அது இதைக் கவனிக்காதா?
– வாசகர், தென்காசி

பதில்: அந்தக் கம்ப்யூட்டருக்கு யாரோ 192.168.1.20 என்பது போல ஓர் எண்ணைக் கையால் அடித்து வைத்திருக்கிறார்கள். நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாக இருக்க வேண்டிய இந்த எண்தான் ஐ.பி. முகவரி. பந்தயம் கட்டவும் தயார். ரவுட்டருக்கு இந்தச் சங்கதி தெரியாது. பகலில் கடைப் பையனின் போன் வந்து முகவரி கேட்கும்போது, அந்த எண் சும்மா கிடப்பதாக நினைத்துத் தூக்கிக் கொடுத்துவிடுகிறது. சிஸ்கோ ரவுட்டர்கள் கொடுக்குமுன் அந்த எண்ணில் யாராவது இருக்கிறார்களா என்று இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்து (‘பிங்’ செய்து), முறைக்கு அரை விநாடி காத்திருக்கும். இருந்தும் என்ன, அணைத்து வைத்த கம்ப்யூட்டர் பதில் சொல்லுமா?

மாலையில் மோதலைக் கண்டுபிடிப்பது உங்கள் கம்ப்யூட்டர்தான். ‘20 யாரிடமாவது இருக்கிறதா?’ என்று எல்லோரையும் கேட்கும். 2008-இல் வந்த விதிப்படி மூன்று தடவை, ஒன்றிரண்டு விநாடி இடைவெளியில். கேட்கும்போது தன் முகவரியை 0.0.0.0 என்றே சொல்லும். முடிவாகாத எண்ணை மற்றவர்கள் குறித்துக்கொண்டுவிடக் கூடாதல்லவா? எனக்கு மிகவும் பிடித்த நாகரிகம் இது. போன் ‘என்னிடம்’ என்றதும் உங்கள் கம்ப்யூட்டர் ஒதுங்கிவிடுகிறது. விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்டில் ‘ipconfig /all’ என்று அடித்துப் பாருங்கள், 20-க்குப் பக்கத்தில் ‘டூப்ளிகேட்’ என்று இருக்கும்.

ரவுட்டரிடம் வாங்கிய எண்ணாக இருந்தால், ‘இது வேண்டாம்’ என்று திருப்பிக் கொடுத்து வேறு வாங்கலாம். கையால் அடித்த எண்ணுக்கு அந்த வழி இல்லை.

ஒரு கல்யாண மண்டபத்தில் கேமரா ரெக்கார்டருக்கு ரவுட்டரின் சொந்த எண்ணான 192.168.1.1-ஐயே கொடுத்துவிட்டார்கள். மண்டபம் முழுக்க நெட் வந்து வந்து போனது. நான் அரை நாள் கேபிளைத் திட்டிக்கொண்டிருந்தேன்!

ரவுட்டர் தானாக எண் வழங்கும் முறைக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். ரவுட்டரின் அமைப்புகளில் அந்தப் பக்கத்தில், வழங்கும் எண்களின் கடைசிப் பகுதியை 100 முதல் 200 வரை என்று மாற்றுங்கள். உங்கள் 20 தப்பித்துவிடும். மாற்றியதும் ரவுட்டரை ஒரு முறை அணைத்துப் போட்டு, பையனின் போனில் வைஃபையையும் நிறுத்தி மறுபடி போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பழைய எண்ணை, ரவுட்டர் அதற்குக் கொடுத்த தவணை முடியும் வரை அவன் போன் விடாது.