தீவிரவாதத்தைத் தேடிப் போனவர்கள் திரும்பலாமா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐ.எஸ். (இஸ்லாமிக் ஸ்டேட்) தீவிரவாத அமைப்பில் சேரப் போய், சிரியாவில் பிடிபட்டவர்களை அவரவர் நாடுகள் திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். என்னால் ஏற்க முடியவில்லை. அவர்களை யாரும் கடத்திக்கொண்டு போகவில்லை. தலையை வெட்டிப் படம்பிடித்துக் காட்டிய ஒரு கூட்டத்தைத் தேடிப் போனார்கள். அந்தக் கூட்டம் ஜெயித்திருந்தால் திரும்பி வருவதைப் பற்றிப் பேசியிருப்பார்களா? தோற்ற பிறகுதான் பாஸ்போர்ட் ஞாபகம் வருகிறது. 2015இல் பாரிஸில் 130 பேரைக் கொன்றவர்களில் சிரியா போய்வந்தவர்கள் இருந்தார்களே. அந்த ஆபத்தை ஏன் நாமே கதவைத் திறந்து உள்ளே விட வேண்டும்?

எஸ்.

அன்புள்ள எஸ்,

உங்கள் கோபம் நியாயமானது. அவர்களில் பலருக்குத் தோற்ற பிறகுதான் ஊர் ஞாபகம் வந்தது, அதுவும் உண்மை. அவர்கள்மேல் இரக்கப்பட்டு நான் அப்படி எழுதவில்லை. அவர்கள் செய்ததை யார் விசாரிப்பது என்ற கேள்விதான் என்னை விடாமல் துரத்துகிறது.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஐ.எஸ்ஸில் சேரப் போன ஒரு ஜெர்மானியப் பெண், 2015இல் இராக்கின் பலூஜா நகரில் தன் கணவனோடு வாழ்ந்தாள். அந்த வீட்டில், இராக்கின் சிறுபான்மை மதத்தவரான யசீதிகளில் ஒரு தாயையும் அவளுடைய ஐந்து வயது மகளையும் அடிமைகளாக வாங்கி வைத்திருந்தார்கள். குழந்தை படுக்கையை நனைத்துவிட்டது என்று அந்த ஆள் அதை வெயிலில் சங்கிலியால் கட்டிப்போட்டான். இந்தப் பெண் தடுக்கவில்லை. குழந்தை தாகத்தில் இறந்தது. பிறகு அவள் ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தாள். 2018இல் மறுபடியும் சிரியாவுக்குக் கிளம்பியபோது, காரில் உடன் வந்தவரிடம் தானே கதையைச் சொன்னாள். அவர் அதிகாரிகளுக்குத் தகவல் தருபவர். பேச்சு முழுவதும் பதிவானது. முனிச் நீதிமன்றம் 2021இல் பத்து ஆண்டு தண்டனை கொடுத்தது. போதாது என்று வழக்கு மறுபடி போய், 2023இல் அது பதினான்கு ஆண்டாயிற்று. கிரீஸில் பிடிபட்டு ஜெர்மனிக்கு அனுப்பப்பட்ட கணவனுக்கு பிராங்க்பர்ட்டில் ஆயுள் தண்டனை. யசீதிகள்மேல் நடந்தது இனப்படுகொலை என்று சொல்லி ஒருவனைக் குற்றவாளியாக்கிய முதல் தீர்ப்பு உலகத்திலேயே அதுதான். இறந்த குழந்தையின் தாய் கோர்ட்டில் நின்று சாட்சி சொன்னாள்.

இந்த வழக்கு எனக்கு ஆறுதல் தருவதில்லை. திரும்பி வந்த அவள் மனம் மாறவில்லை, மறுபடி போகத்தான் கிளம்பினாள். ஆனால் அவளை ஜெர்மனி உள்ளே விடாமல் இருந்திருந்தால், அந்தத் தாயின் சாட்சியைக் கேட்க ஒரு நீதிபதி எங்கே இருந்திருப்பார்?

வெளியிலேயே கிடக்கட்டும் என்று நாம் சொல்லும்போது, அந்த 'வெளி'யில் யாரோ காவல் நிற்க வேண்டியிருக்கிறது. ஐ.எஸ்ஸோடு போரிட்டு ஆயிரக்கணக்கானவர்களைப் பறிகொடுத்த சிரியாவில் வாழும் குர்து இனத்தவர் தலைமையிலான படைதான் இவர்களைப் பிடித்து வைத்தது. 2019 மார்ச்சில் ஐ.எஸ்ஸின் கடைசிப் பிடியான பகூஸ் விழுந்த பிறகு, வடகிழக்குச் சிரியாவின் அல் ஹோல் முகாமில் எழுபதாயிரம் பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். ஒரு சர்வதேச நீதிமன்றம் அமைத்துத் தாருங்கள், இங்கேயே விசாரிக்கிறோம் என்று குர்துகள் கேட்டுப் பார்த்தார்கள். யாரும் அமைக்கவில்லை. 2022 ஜனவரியில், பிடிபட்டவர்களைக் குர்துகள் அடைத்து வைத்திருந்த ஹசாகா சிறையை ஐ.எஸ். தாக்கியது, நாள்கணக்கில் சண்டை, நூற்றுக்கணக்கில் சாவு. பணக்கார நாடுகள் தங்கள் குற்றவாளிகளை, ஏற்கெனவே எல்லாவற்றையும் இழந்தவர்களின் தலையில் கட்டியதை என்னால் பாதுகாப்புக் கொள்கை என்று சொல்ல முடியவில்லை.

பாரிஸ் பற்றிக் கேட்டீர்கள். 2014 மே மாதம் பிரஸ்ஸல்ஸ் யூத அருங்காட்சியகத்தில் நான்கு பேரைச் சுட்டுக் கொன்றவனும் சிரியா போய்வந்தவன்தான். ஆனால் இவர்கள் எப்படி வந்தார்கள் என்று பாருங்கள். அரசு விமானத்தில் அழைத்து வந்து, கைரேகை எடுத்து, விசாரணைக்கு நிறுத்தப்பட்டவர்கள் அல்ல. தாங்களாக வந்து கூட்டத்தோடு கலந்தவர்கள். பிரிட்டனிலிருந்து சுமார் 900 பேர் போனார்கள், அவர்களில் 40 சதவீதம் பேர் திரும்பிவிட்டார்கள் என்று 2018இல் அந்த அரசே சொன்னது. பெரும் சத்தம் எதுவும் இல்லாமல் நூற்றுக்கணக்கானவர்கள் வந்துவிட்ட ஒரு நாட்டில், முகாமில் பிடிபட்டு, இருக்குமிடம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெண்ணைத் தடுக்க ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்தது.

அந்தப் பெண் ஷமீமா பேகம். 'யாரும் கடத்திக்கொண்டு போகவில்லை' என்றீர்களே, 2015இல் லண்டனை விட்டுப் போகும்போது அவருக்குப் பதினைந்து வயது. பாலியல் சுரண்டலுக்காகக் கடத்தப்பட்டார் என்று நம்பத்தகுந்த சந்தேகம் இருப்பதாக பிரிட்டனின் தீர்ப்பாயமே 2023இல் சொன்னது. சொல்லிவிட்டு, 2019இல் குடியுரிமையைப் பறித்தது செல்லும் என்றும் தீர்ப்பளித்தது. பெற்றோரின் பூர்வீகத்தை வைத்து அவர் பங்களாதேஷ் குடிமகளும்தான், அதனால் நாடற்றவராகிவிட மாட்டார் என்பது பிரிட்டனின் வாதம். பங்களாதேஷ் அதை மறுத்துவிட்டது. ஒரே தெருவிலிருந்து இரண்டு பேர் போகிறார்கள், ஒரே குற்றத்தைச் செய்கிறார்கள் என்று வையுங்கள். தாத்தா வேறு நாட்டிலிருந்து வந்தவர் என்றால் ஒருவருக்குக் குடியுரிமை போகலாம், இன்னொருவருக்குப் போகாது. இதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

சரி, அழைத்து வந்தால் என்ன ஆகும்? போர்க்களத்திலிருந்து சாட்சியம் திரட்டுவது கடினம். அமைப்பில் உறுப்பினராக இருந்ததை மட்டுமே நிரூபிக்க முடிந்து, சிலர் சில ஆண்டுகளில் வெளியே வந்துவிடுகிறார்கள். உங்கள் தரப்பில் மிக வலுவான வாதம் இதுதான். என்னிடம் முழுப் பதில் இல்லை. வந்த பிறகும் நீண்ட காலக் கண்காணிப்பு வேண்டும், அதற்குப் பணமும் ஆளும் ஒதுக்க வேண்டும். கஜகஸ்தான் 2019இல் தொடங்கி 600 பேருக்கு மேல் அழைத்து வந்தது. ஆண்களைச் சிறைக்கு அனுப்பியது, குழந்தைகளைப் பள்ளியில் சேர்த்தது. தன்னைவிட வசதி குறைந்த அரசு என்று ஐரோப்பா நினைத்திருந்த ஒரு நாடு.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் நான் உங்களோடு சமரசத்துக்கு வரமாட்டேன். அல் ஹோலில் இருந்தவர்களில் பாதிக்கு மேல் குழந்தைகள், பெரும்பாலோர் பன்னிரண்டு வயதுக்குக் கீழே. அவர்கள் யாரும் எங்கேயும் 'போகவில்லை'. பையன்கள் வளர வளர அம்மாவிடமிருந்து பிரித்து வேறு காவலிடங்களுக்கு அனுப்பப்பட்டார்கள், சிலர் பெரியவர்களோடு சிறையில். பத்து வயதில் முகாமுக்கு வந்த ஒருவன் ஐந்தே வருடத்தில் அப்படிப் பிரிக்கப்படும் வயதை எட்டிவிடுவான். அப்புறம் அவனையும் ஆபத்தானவன் என்று சொல்லி வெளியே நிறுத்துவோம்.