தேங்காய்ப்பால் மா போட்ட சொதி ஏன் திரைகிறது?

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "தேங்காய் விற்கிற விலையைப் பார்த்து, பேர்போன வெளிநாட்டுக் கம்பெனியின் தேங்காய்ப்பால் மா பைக்கற் வாங்கினேன். சொதியில் கரைத்து விட்டுத் தேசிக்காய் பிழிந்ததும் வெள்ளை வெள்ளையாகத் திரைந்துவிட்டது. தேங்காய் மணமும் இல்லை, நாக்கில் இனிப்பு வேறு. கலப்படமா? வீசிவிடவா?"

வீச வேண்டாம் தங்கச்சி. பைக்கற்றைத் திருப்பி, பின்பக்கத்துச் சின்ன எழுத்தைப் படியுங்கள். தேங்காய்ப்பாலோடு மோல்டோடெக்ஸ்ட்ரின், சோடியம் கேசினேட் என்று இரண்டு பெயர் அநேகமாக இருக்கும். தேங்காய்ப்பாலில் எண்ணெய் அதிகம், அதைத் தனியே காயவைத்தால் மாவாக வராது, பிசுபிசுவென்று ஒட்டும். அதனால்தான் மாப்பொருளிலிருந்து எடுக்கும் மோல்டோடெக்ஸ்ட்ரினையும் பசுப்பாலின் புரதமான கேசினேட்டையும் சேர்த்து, சூடான காற்றில் தூவிக் காயவைக்கிறார்கள். மணத்தில் பாதி அந்த ஆவியோடு போய்விடும். நாக்கில் பட்ட இனிப்பில் மோல்டோடெக்ஸ்ட்ரினுக்கும் பங்கு உண்டு.

இனித் திரைந்த கதை. கொதிக்கிற பசுப்பாலில் தேசிக்காய் பிழிந்தால் என்ன ஆகும்? அதேதான் உங்கள் சட்டியிலும் நடந்தது. புளிப்பை அளக்கும் பிஎச் கணக்கில் 4.6 அளவுக்குப் புளிப்பு ஏறினால், கேசின் என்ற அந்தப் பால் புரதம் கட்டிபட்டு ஒதுங்கும், சூடும் சேர்ந்தால் இன்னும் கெதியாக. புதிதாகப் பிழிந்த முதற்பாலும் கொதித்தால் திரையும்தான், அதற்காகத்தானே அம்மாமார் அகப்பையால் துழாவிக்கொண்டே நின்று, இறக்கிய பிறகு தேசிக்காய் விடுவார்கள். ஆனால் மாவில் புளி பட்டால் தாங்காது.

அதனால் இப்படிச் செய்து பாருங்கள். மாவைக் கொதிதண்ணீரில் கொட்டாமல், ஒரு கோப்பையில் இளஞ்சூட்டுத் தண்ணீர் கொஞ்சம் விட்டுக் கட்டியில்லாமல் குழைத்து, பிறகு ஐதாக்கி, சட்டியை இறக்கிய பின் விடுங்கள். தேசிக்காயைச் சட்டியில் பிழியவே வேண்டாம், அவரவர் கோப்பையில் சோற்றுக்கு மேல் விட்டுக்கொள்ளட்டும்.

என்னைக் கேட்டால் இந்த மா பருப்புக்கும் தூள் போட்ட கத்தரிக்காய்க் கறிக்கும் போதும். சொதிக்கு வேண்டாம். சொதியில் தேங்காய்ப்பாலைத் தவிர வேறு என்ன இருக்கிறது, அதன் ருசியை எங்கே ஒளிப்பது? பளையிலோ முள்ளியவளையிலோ இருந்து வருகிற தேங்காய் ஒன்றை வாங்கி, கண் உள்ள பாதியை முதலில் துருவுங்கள், அதுதான் முதலில் பழுதாகும். மற்றப் பாதியின் பூவைப் பிறீசரில் வைத்தால் இன்னொரு நாள் சொதிக்கு ஆகும்.

ஒன்றை மட்டும் கோபத்தோடுதான் சொல்கிறேன். முன்பக்கம் முழுக்கத் தேங்காய்ப் படம், பால் புரதம் இருப்பது மட்டும் பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில். பசுப்பால் ஒவ்வாமை உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால், தேங்காய்தானே என்று நம்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

சரி, எப்போது உண்மையிலேயே பழுது? பிரித்தவுடன் காறல் மணம் வந்தால், மா மஞ்சளித்துப் பாறைபோல் இறுகியிருந்தால். தகரக் கூரைக் கடையில் வெயிலில் கிடந்த பைக்கற்றுக்கு இது நடக்கும், திகதி முடியாவிட்டாலும். அப்படியென்றால் பில்லோடு கடைக்காரரிடம் கொண்டுபோங்கள். மாற்றித் தர மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்துச் சொல்லுங்கள், அதுவரை பைக்கற்றை எறிந்துவிடாதீர்கள்.