தங்கையின் சைகைக்கு அண்ணன் பொருள் சொல்லலாமா?

கேள்வி: என் தங்கைக்கு 27 வயது. பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. பாளையங்கோட்டையில் காது கேளாதோர் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தாள். இப்போது வீட்டில் பீடி சுற்றுகிறாள். முடுக்கில் சாக்கடைத் தகராறு. பக்கத்து வீட்டுக்காரர் அவளை வழிமறித்து, அறைந்து, கீழே தள்ளிவிட்டார். புகார் கொடுத்தவன் நான். அவள் சைகைக்குப் பொருள் சொல்லி, போலீஸில் வாக்குமூலம் எழுதவைத்ததும் நான்தான். அடுத்த மாதம் அம்பாசமுத்திரம் நீதிமன்றத்தில் அவளுக்குச் சாட்சி விசாரணை. நானே பக்கத்தில் நின்று சொல்லலாமா? (கல்லிடைக்குறிச்சி வாசகர்)

பதில்: கூடாது. நீங்கள் புகார்தாரர், சாட்சி, சாக்கடைத் தகராறில் ஒரு தரப்பு. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலே போதும், உங்கள் வாய் வழியாக வரும் அவள் சாட்சியம் எதிர்த்தரப்புக்கு லட்டு.

நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். கோயில் கொடையில் நடந்த அவமானம், ஏட்டு பேசிய பேச்சு, அவர்கள் அப்பா வாங்கிய கடன் எதுவும் இந்த வழக்கில் நிற்காது. நீதிபதி பார்க்கப்போவது ஒன்றைத்தான்: உங்கள் தங்கை கூண்டில் நின்று சொல்வது அவள் சொல்வதா, நீங்கள் சொல்வதா?

பாரதிய சாட்சிய அதிநியமம், அதாவது இப்போதைய சாட்சியச் சட்டம், 125ஆம் பிரிவின்படி, வாய்மொழியாகத் தெரிவிக்க இயலாத சாட்சி என்றால் நீதிமன்றம் மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்பு ஆசிரியரின் உதவியைப் பெற்றே ஆகவேண்டும். வீடியோவிலும் பதிய வேண்டும். இது சலுகை அல்ல, கட்டாயம். அரசு உதவி வழக்கறிஞர் மூலம் முன்கூட்டியே மனு போடுங்கள். விசாரணை அன்று காலையில் போய் நின்றால் வாய்தாதான் கிடைக்கும்.

நான் பார்த்த வழக்குகள் கவிழ்வது மனுவில் அல்ல, போலீஸ் வாக்குமூலத்தில். நீங்கள் அனுப்பிய நகலைப் படித்தேன். "அசிங்கமான வார்த்தைகளால் திட்டி, கொன்றுவிடுவேன் என்று மிரட்டினார்" என்று உங்கள் தங்கை சொன்னதாக இருக்கிறது. பிறவியிலேயே காது கேட்காதவருக்கு அது எப்படிக் கேட்டது? குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே இதுவாகத்தான் இருக்கும். நீங்கள் கேட்டதை அவள் சொன்னதாக எழுதவைத்திருக்கிறீர்கள். அந்த ஒரு வரியைக் காட்டி, அறைந்ததும் தள்ளியதும்கூட அண்ணன் கதை என்பார்கள். கேட்டதை நீங்கள் உங்கள் சாட்சியத்தில் சொல்லுங்கள். அவள் கண்டதையும் பட்டதையும் மட்டும் காட்டட்டும்.

இன்னொன்று. அந்த ஆளைக் குறிக்க அவள் இடது காது மடலைத் திருகிக் காட்டுவாள், அவர் கடுக்கன் போட்டிருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருடைய அண்ணனும் கடுக்கன் போட்டவர் என்று அடுத்த வரியில் நீங்களே சொல்கிறீர்கள்! ராஜஸ்தான் அரசு எதிர் தர்ஷன் சிங் வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதற்குத்தான் பொருந்தும். பதிவாக வேண்டியது சைகை. அதன் பொருள் மட்டும் பதிவானால் போதாது. பொருள் சொல்பவர் சத்தியப்பிரமாணம் எடுக்க வேண்டும், வழக்கில் அக்கறை இல்லாதவராக இருக்க வேண்டும். அதில் பொருள் சொன்னவர் சாட்சியின் தந்தை. அது கொலை வழக்கு; குற்றம் சாட்டப்பட்டவரின் விடுதலை உறுதியானது.

வீட்டுச் சைகை மட்டும்தான் தெரியும் என்றால் வெளியாள் திணறுவார், உண்மைதான். ஆனால் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தாள் என்று போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் உருப்படியான வரி அதுதான். எழுதத் தெரிந்தால் எழுதிக் காட்டுவதே மேல் என்கிறது அதே தீர்ப்பு. நான்கு சொல் எழுத வருகிறதா என்று முதலில் பாருங்கள். என்ன எழுத வேண்டும் என்று சொல்லிக் கொடுக்காதீர்கள்; சொல்லிக் கொடுத்த சாட்சி பாதி வழியில் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கும். அவளுக்குப் பாடம் நடத்திய சிறப்பு ஆசிரியர் யாராவது இருந்தால் அவர் பெயரை மனுவில் குறிப்பிடுங்கள்.

இனி, உங்களுக்குப் பிடிக்காத பகுதி. குற்றப்பத்திரிகையில் இருப்பது குற்றங்களுக்கான சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 126(2), 115(2) பிரிவுகள், அதாவது வழிமறித்தல், சாதாரணக் காயம். பெரிய பிரிவுக்கே அதிகபட்சம் ஓராண்டு; நடைமுறையில் அபராதத்தோடு முடியும். அதற்காக அவளை நாள் முழுக்கக் கூண்டில் நிறுத்தப் போகிறீர்களா? இரண்டு பிரிவுமே சமாதானத்துக்கு உரியவை. சாக்கடையை எந்தப் பக்கம் திருப்புவது என்பதையும் சேர்த்து எழுதி, சமாதானமாகப் போங்கள் என்பதே என் கருத்து.

ஆனால் அங்கேயும் நீங்கள் கையெழுத்துப் போட முடியாது. அடிபட்டவள் அவள், அவள் மைனர் அல்ல, மனநலம் குன்றியவளும் அல்ல. சமாதானம் செய்யும் உரிமை அவளுக்கு மட்டுமே. அதற்கும் நடுநிலையான ஒருவர் சைகையில் அவளுக்கு விளக்கிச் சொல்லி, அவள் சம்மதத்தைப் பதிய வேண்டும். மாற்றுத்திறனாளி என்பதால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். அவளைக் கூட்டிக்கொண்டு போய் அந்த வழக்கறிஞரிடம் விட்டுவிட்டு, நீங்கள் வெளியே உட்காருங்கள். சமாதானம் வேண்டாம் என்று அவள் சொன்னால் மறுநாளே 125ஆம் பிரிவு மனுவைப் போடச் சொல்லுங்கள்.