கப்பலில் வந்த சுருட்டும் கருப்பட்டிக் காபியும்

அன்புள்ள அண்ணா,

நான் தண்டையார்பேட்டை. துறைமுகத்துக்கு வெளியே ஒரு கன்டெய்னர் யார்டில் கணக்குப் பார்க்கிறேன். என் மச்சான் கப்பலில் வேலை செய்கிறார். போன மாதம் ஊருக்கு வந்தபோது நிகரகுவா நாட்டுச் சுருட்டு ஒரு பெட்டி கொடுத்தார். கையால் சுருட்டியது, குட்டையாகத் தடித்த ராபஸ்டோ அளவு, பத்து எண்ணிக்கை. முதல் சுருட்டைப் பாதிகூடப் பிடிக்கவில்லை, தலை சுற்றி வாந்தி எடுத்துவிட்டேன்.

இணையத்தில் பார்த்தால் பதனிட்ட தோல், சிடார் மரம், கோகோ என்று ருசி சொல்கிறார்கள். எனக்குப் புகை மட்டும்தான் தெரிந்தது. என் நாக்கு சரியில்லையா? கூடவே விஸ்கியோ ரம்மோ வேண்டும் என்கிறார்கள். நான் குடிப்பதில்லை, வேறு என்ன சேரும்? என் ஆயா காசிமேட்டில் மீன் விற்றவர், கடைசிவரை சுருட்டு பிடித்தார். அதுவும் இதுவும் ஒன்றா? மீதி ஒன்பதை எப்படிப் பத்திரப்படுத்துவது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள தம்பி,

உங்கள் நாக்கில் ஒரு குறையும் இல்லை. சிகரெட்டை இழுப்பதுபோல் புகையை நெஞ்சுக்குள் இழுத்திருக்கிறீர்கள், அதுவும் வெறும் வயிற்றில் என்று நினைக்கிறேன். ஒரு சிகரெட்டில் இருக்கும் புகையிலை ஒரு கிராம்கூட வராது. பெரிய சுருட்டு ஒன்றில் 5 முதல் 17 கிராம் வரை இருக்கும். சுருட்டுப் புகை சுண்ணாம்பைப்போல் காரத்தன்மை உள்ளது, அதனால் நிகோடின் வாயின் உட்தோல் வழியாகவே இரத்தத்தில் கலந்துவிடும். புகையிலையோடு சுண்ணாம்பு சேர்த்து அதக்குகிறவர்களுக்குச் சீக்கிரம் ஏறுவதும் இதனால்தான்.

வயிறாரச் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பற்றவையுங்கள். நிமிடத்துக்கு ஓர் இழுப்பு போதும். புகை வாயில் கொஞ்சம் தங்கி, வாயிலிருந்தே வெளியே போகட்டும். தலை கனக்க ஆரம்பித்தால் சுருட்டை அப்படியே வைத்துவிட்டு, ஒரு துண்டு வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டு காற்றாட உட்காருங்கள். எனக்கு அது கைகொடுத்திருக்கிறது.

ருசிக்குப் போகும் முன் இதையும் சொல்லிவிடுகிறேன். என் பெரியப்பா ராயபுரத்தில் இருந்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர். முப்பது வருடம், தினமும் மூன்று நான்கு சுருட்டு. ‘நான் உள்ளே இழுக்கிறதே இல்லை, என்னை ஒண்ணும் பண்ணாது’ என்று எங்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். கன்னத்தின் உள்பக்கம் ஒரு புண் வந்தது, ஆறவே இல்லை. புற்று என்று தெரிந்தபோது தாடையில் ஒரு பகுதியை எடுக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு அவர் கஞ்சிதான் குடித்தார், அதையும் சுவருக்குத் திரும்பி உட்கார்ந்து குடித்தார். வாய், தொண்டை, உணவுக்குழாய் எல்லாவற்றுக்கும் சுருட்டு கெடுதல் செய்யும், இழுத்தாலும் இழுக்காவிட்டாலும். நான் இரண்டு மாதத்துக்கு ஒன்று என்று வைத்திருக்கிறேன், அதைத் தாண்டியதில்லை. அந்தக் கணக்கில் உங்கள் ஒன்பதும் ஒன்றரை வருடத்துக்கு வரும். தீர்ந்த பிறகு நீங்கள் வேறு பெட்டி தேடாமல் இருந்தால் எனக்குச் சந்தோஷம்.

சரி, ஆயாவின் சுருட்டு. உங்கள் பெட்டியில் இருப்பதற்கும் அதற்கும் ஒரே குலம்தான். ஆங்கிலத்தில் ‘செரூட்’ என்கிறார்களே, அது நம் ‘சுருட்டு’. போர்ச்சுக்கீசியர்களும் இந்தச் சொல்லை இங்கிருந்துதான் எடுத்துப் போனார்கள். பிரேசிலில் இன்றைக்கும் எந்த ஊர்ச் சுருட்டாக இருந்தாலும் ‘ஷருட்டோ’ என்றுதான் கேட்டு வாங்குவார்கள். உறையூரிலும் திண்டுக்கல்லிலும் சுருட்டியவை ஒரு காலத்தில் இங்கிலாந்துவரை போயிருக்கின்றன. கோதாவரி ஆற்றுத் திட்டுகளில் விளையும் லங்கா புகையிலைக்கும் சுருட்டுக்காரர்களிடம் தனி மரியாதை உண்டு.

வேறுபாடு கட்டுமானத்தில் இருக்கிறது. ஆயாவின் சுருட்டுக்கு இரண்டு முனையும் திறந்திருக்கும், அப்படியே பற்றவைக்கலாம். உங்களுடையதில் மூன்று அடுக்கு. உள்ளே நீளவாக்கில் மடித்த இலைகள், அவற்றை இறுக்கிப் பிடிக்கும் ஓர் இலை, அதற்கு மேலே நரம்பு தெரியாத மெல்லிய மேலிலை. தலைப்பக்கம் தொப்பிபோல் ஒரு துண்டு ஒட்டி மூடியிருப்பார்கள். உள்ளிலையிலும் மூன்று வகை உண்டு. செடியின் உச்சியில் வெயில் வாங்கித் தடித்த லிகேரோ காட்டத்துக்கு, நடுவிலுள்ள செக்கோ மணத்துக்கு, அடியிலுள்ள வொலாடோ ஒழுங்காக எரிவதற்கு. லிகேரோ மெதுவாக எரியும், அதனால் அதை நட்டநடுவில் வைத்துச் சுருட்டுவார்கள். சுருட்டுவதற்கு முன்பு இலைகளைக் குவியலாக அடுக்கி வைப்பார்கள். எருக்குழிபோல் உள்ளே தானாகச் சூடேறும், அம்மோனியா வெளியேறும். பிரித்து, உள்ளிருப்பதை வெளியே மாற்றி, மறுபடி அடுக்குவார்கள். மூக்கைக் குத்தும் நெடி போய் மணம் வருவது அந்த வேலையில்தான். இந்தச் சுருட்டின் விலையில் ஒரு பங்கு இந்தக் காத்திருப்புக்கு.

சில ஆயாக்கள் நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துப் பிடிப்பார்கள். ஆந்திரக் கரையோரத்துப் பெண்களிடம் அந்தப் பழக்கம் அதிகம், நானும் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். மேலண்ணத்தில் புற்று வருவதற்கு அது ஒரு பெரிய காரணம். வீட்டில் யாராவது செய்து காட்டச் சொன்னால்கூட வேண்டாம்.

இப்போது உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த கேள்வி, அந்தத் தோலும் சிடாரும். அதை எழுதியவர்கள் அவர்கள் வளர்ந்த வீட்டின் வாசனையை எழுதியிருக்கிறார்கள். சுருட்டுப் பெட்டி செய்யும் ஸ்பானிஷ் சிடார் என்ற மரம் சிடார் இனமே கிடையாது, நம் வேம்பின் குடும்பம். இதைத் தெரிந்துகொண்ட அன்று நான் பெட்டியை மறுபடி மோந்து பார்த்தேன். வேப்பம்பலகையை இழைக்கும் இடத்தில் வரும் அந்தக் கசப்பு கலந்த வாசனை அதற்குள் எங்கேயோ இருந்தது. அதுவரை ‘சிடார், சிடார்’ என்று நானும் எழுதிக்கொண்டிருந்தேன், ஒரு சிடார் மரத்தைக்கூடப் பார்த்ததில்லை.

நீங்கள் ஒன்று செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், ஒரு வேலை நாள் காலையில் கொத்தவால் சாவடிப் பக்கத்து மளிகை மொத்தக் கடைத் தெருக்களில் நடங்கள். மிளகு மூட்டை, விரலி மஞ்சள், வரமிளகாய், உலர்ந்த திராட்சை, சாக்குப்பை, எல்லாவற்றையும் பெயர் சொல்லி மோந்து பாருங்கள். அப்படியே பெரியமேடு போனால் தோல் மண்டி இருக்கிறது. வழியில் ஏதாவது ஒரு மரவாடி வாசலிலும், காபிக்கொட்டை அரைக்கும் கடை வாசலிலும் நில்லுங்கள். அப்புறம் சுருட்டைப் பற்றவைக்காமலே ஒரு முறை இழுத்துப் பாருங்கள். நெருப்பில்லாத அந்த இழுப்பில் இலையின் மணம் தனியாக வரும். எனக்கு அது பெரும்பாலும் வைக்கோல், சில நேரம் உலர்திராட்சை.

நாக்குக்குத் தெரிவது இனிப்பு, கசப்பு, புளிப்பு, உவர்ப்பு, உமாமி என்கிற கறிச்சாற்றின் சுவை, இவ்வளவுதான். மற்றது பெரும்பாலும் மூக்கு. அதனால் புகையின் பெரும்பகுதியை வாய்வழி விட்டபிறகு, மிச்சமிருக்கும் கொஞ்சத்தை மட்டும் வாயை மூடி மூக்குவழியாக மெல்ல விடுங்கள். முதல் தடவை கண்ணில் தண்ணீர் வரும். ஒரு சுருட்டுக்கு மூன்று நான்கு முறை போதும். நிகரகுவாச் சுருட்டுகளில், அந்நாட்டின் எஸ்தெலி வட்டார மண்ணில் விளைந்ததென்றால் முக்கியமாக, மிளகு மூக்கில்தான் பிடிபடும்.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். சுருட்டை மனதுக்குள் மூன்றாகப் பிரித்து எழுதுங்கள், ஏனென்றால் எரிய எரிய ருசி மாறும். என் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: ‘முதல் பாகம் - மிளகு, வறுத்த தனியா. நடு - வேர்க்கடலை வறுக்கும் வண்டியின் சூட்டு மணல், புதுச் செருப்பு. கடைசி - அடிபிடித்த வெல்லப்பாகு, தேக்குத் தூள்.’ அந்த வேர்க்கடலை மணலைக் கண்டுபிடித்த சாயங்காலம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. தோலும் கோகோவும் சொல்கிற யாருக்கும் அது கிடைத்திருக்காது.

வெட்டுவதும் பற்றவைப்பதும் சுலபம். தொப்பியில் இரண்டு மில்லிமீட்டர் அளவு, கூர்மையான கத்தியில் ஒரே வெட்டு. அதைத் தாண்டி வெட்டினால் மேலிலை பிரிந்துவிடும். கேஸ் லைட்டர் நல்லது, பெட்ரோல் லைட்டரும் மெழுகுவத்தியும் அவற்றின் நாற்றத்தை ஏற்றிவிடும். தீ தொடாமல் சுற்றிச் சுற்றிச் சூடு காட்டி, முனை முழுவதும் சிவந்த பிறகு இழுங்கள். பொது இடம் வேண்டாம், சட்டமும் விடாது. வீட்டுக்குள்ளும் வேண்டாம், குழந்தைகள் இருப்பார்கள். மொட்டைமாடிதான் சரி, ஆனால் நம் பக்கத்தில் கடல்காற்று ஏறிய மத்தியானத்தில் அங்கே பிடித்தால் ஒருபக்கமாக எரிந்து புகை சூடாகிக் கசந்துவிடும். காற்று அடங்கின ராத்திரியில் ஒரு மறைப்பு ஓரமாக உட்காருங்கள். ராபஸ்டோ முக்கால் மணி நேரத்துக்குமேல் வரும்.

கூட என்ன குடிப்பது என்பதில் நான் நிறைய நாள் செலவழித்திருக்கிறேன். ரம்மை ஏன் சொல்கிறார்கள்? கரும்புப் பாகின் கருகிய இனிப்பு சுருட்டின் கசப்போடு கைகோத்துக்கொள்ளும், அவ்வளவுதான் சூட்சுமம். அந்தக் கருகிய இனிப்பு நம்மிடம் கருப்பட்டியில் இருக்கிறது, போதாததற்கு லேசான புகைவாசனையும் சேர்ந்தே இருக்கிறது. கெட்டியான டிகாக்ஷன், பால் இல்லாமல், அரை டம்ளர். சிக்கரி வேண்டாம், கசப்புக்கு மேல் கசப்பாகிவிடும். கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டிச் சேருங்கள், மண் இருக்கும். ஒரு வாய் குடித்து, விழுங்கி, வாய் அடங்கும்வரை பொறுத்து, பிறகு ஓர் இழுப்பு. இரண்டும் ஒரே நேரத்தில் வாயில் மோதக்கூடாது. நடுப்பாகத்தில் இதைச் செய்துபாருங்கள். காபியின் வறுபட்ட மணமும் இலையின் வறுபட்ட மணமும் எங்கே பிரிகின்றன என்று தெரியாத ஒரு இடம் வரும். எனக்குத் தெரிந்து எந்த மதுவும் உங்கள் வகைச் சுருட்டுக்கு இவ்வளவு பொருந்தாது.

முதல் பாகத்துக்கு வெறும் தண்ணீர் மட்டும். கடைசிப் பாகம் காட்டமாகும்போது கடலை மிட்டாய் ஒரு துண்டு. பால் சேர்த்த காபி, வெளிர்நிற மேலிலையுள்ள மென்மையான சுருட்டுக்குத்தான் சேரும். உங்கள் சுருட்டின் மிளகைப் பாலின் கொழுப்பு மூடிவிடும். சுக்குக் காபி வேண்டாம், எரிச்சலின்மேல் எரிச்சல். லெமன் டீயின் புளிப்பு புகையோடு சண்டை போடும். பன்னீர் சோடா குடித்தால் ரோஜாவைத் தவிர வேறொன்றும் தெரியாது. பீச் ஸ்டேஷன் எதிரில் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு வந்தீர்களென்றால் அன்றைக்குப் பூண்டுதான், சுருட்டை மறந்துவிடுங்கள்.

அத்தோ என்றதும் நினைவு வருகிறது. 60களில் பர்மாவிலிருந்து கப்பலேறி வந்து வியாசர்பாடியில் குடியேறிய ஒரு தாத்தாவிடம் பேசியிருக்கிறேன். அங்கே சுருட்டின் வாய்ப்பக்கம் சோளத்தோலைச் சுருட்டி வைப்பார்கள் என்றார். கூட எதைக் குடிப்பீர்கள் என்றேன். டீக்கடையில் காசில்லாமல் வைக்கும் பாலும் சர்க்கரையும் இல்லாத பச்சைத் தேநீர் என்றார். செய்துபார்த்தேன். வாயைக் கழுவிவிட்டாற்போல் ஒவ்வொரு இழுப்பும் புதிதாகத் தெரிந்தது. கருப்பட்டி கிடைக்காத நாளில் நான் அதைத்தான் வைத்துக்கொள்கிறேன்.

கடைசியாக அந்த ஒன்பது. இதில் அவசரம் காட்டுங்கள். சுருட்டுக்கு 65 முதல் 70 சதவீதம் ஈரப்பதம் வேண்டும். நம் பக்கத்தில் பல நாள் காலையில் 80ஐத் தாண்டும். ஈரம் ஏறினால் இலை ஊதி இழுக்க வராது. ஏசி அறையில் வைத்தால் காய்ந்து வெடிக்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் மாவு வாசனை. இதைவிடப் பெரிய எதிரி புகையிலை வண்டு. இலைக்குள் கண்ணுக்குத் தெரியாத முட்டை இருக்கும், நம் ஊர் வெயிலில் பொரிந்துவிடும். ஒரு மே மாதம் பெட்டியைத் திறந்தபோது அத்தனை சுருட்டும் சல்லடையாக இருந்ததைப் பார்த்தவன் நான்.

இரண்டு பிளாஸ்டிக் பைகளில் காற்றுப் போகாமல் கட்டி ஃபிரீசரில் மூன்று நாள் வையுங்கள். பிறகு ஒரு நாள் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில். பிறகு பையைப் பிரிக்காமலே ஒரு நாள் வெளியில். அவசரப்பட்டு நேராக வெளியே எடுத்தால் மேலிலை கீறிவிடும். அதன்பின் இறுக்கமாக மூடும் டப்பாவில், ஈரத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்யும் பொட்டலம் ஒன்றோடு, வீட்டிலேயே குளிர்ச்சியான இருட்டு மூலையில் வையுங்கள். பொட்டலத்தில் எண் போட்டிருக்கும், 65 என்று இருப்பதை வாங்குங்கள். மூன்று வாரம் போகட்டும். அடுத்ததை எடுக்கும்போது மேலிலையில் ஊசி குத்தினதுபோல் துளை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். இருந்தால் அந்த ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட்டு, மற்றதை மறுபடி ஃபிரீசரில் வையுங்கள்.

அன்புடன்,
அண்ணன்